ஏழு கோப்பைக்குப் பிறகு ஒன்பதாவது இடம்: க்ரூஸேடர்ஸின் 2024 சீசனும் ராப் பென்னியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில். இந்த ஊரின் ரக்பி அணி க்ரூஸேடர்ஸ். 2024-ல் அது அடுத்தடுத்துத் தோற்றபோது வேலை இடத்திலும், பிள்ளைகளின் விளையாட்டு மைதானத்தின் ஓரத்திலும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையிலும் இதே பேச்சுதான். அடுத்த வருடம் அதே பயிற்சியாளர் ராப் பென்னியை வைத்துக்கொண்டு கோப்பையை வென்றபோது பேச்சு அடங்கவில்லை, வேறு பக்கம் திரும்பியது. நண்பர்களும் உறவினர்களும் கேட்டவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். புதிதாகப் பார்ப்பவர்கள் முதலிலிருந்து படியுங்கள். பயிற்சியாளர் சண்டை மட்டும் போதும் என்பவர்கள் நடுவிலிருந்து தொடங்கலாம்.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க, இந்த க்ரூஸேடர்ஸ் நாட்டு டீமா, கிளப் டீமா?

இரண்டுக்கும் நடுவில் ஒன்று. நியூசிலாந்தின் தேசிய அணி ஆல் பிளாக்ஸ். அதற்கு அடுத்த படி சூப்பர் ரக்பி என்ற தொழில்முறைப் போட்டி. 1996-ல் தொடங்கியது. 2024-ல் அதில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிஜி, பசிஃபிக் தீவுகள் சார்ந்த 12 அணிகள் ஆடின. நியூசிலாந்தின் பழைய அணிகள் ஐந்து: ப்ளூஸ், சீஃப்ஸ், ஹரிகேன்ஸ், க்ரூஸேடர்ஸ், ஹைலேண்டர்ஸ். தெற்குத் தீவின் மேல் பாதி முழுவதற்கும் க்ரூஸேடர்ஸ்தான் அணி. கேன்டர்பரி, டாஸ்மன், வெஸ்ட் கோஸ்ட் போன்ற வட்டார ரக்பி சங்கங்களின் பிள்ளை அது. ஒரு கோடீஸ்வரர் வாங்கி வைத்திருக்கும் அணி அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாயின்ட்ஸ் கணக்கே புரியல. ஸ்கோர் 37-26னு எல்லாம் எப்படி வருது?

பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைத்தால் 'ட்ரை', 5 புள்ளி. அதன் பிறகு கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. பெனால்டி உதைக்கு 3. ஓடும் ஆட்டத்தில் பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பும்போது உதைக்கும் ட்ராப் கோலுக்கும் 3.

பட்டியலில் வெற்றிக்கு 4 புள்ளி. எதிரணியைவிட மூன்று ட்ரை அதிகம் போட்டால் கூடுதலாக ஒன்று. 7 புள்ளி வித்தியாசத்துக்குள் தோற்றால் ஆறுதலாக ஒன்று. 2024-ல் ஒவ்வொரு அணிக்கும் லீக் சுற்றில் 14 ஆட்டம். 12 அணிகளில் முதல் எட்டு அணிகள் ப்ளேஆஃபுக்குப் போகும். எட்டு இடம் இருந்தும் ஒன்பதாவதாக வந்தார்கள் என்பதுதான் இந்த ஊருக்குத் தாங்க முடியாமல் போனது.

அவ்வளவு பெரிய டீமா? எல்லாரும் ஏதோ இடி விழுந்த மாதிரி பேசுறாங்களே.

1998 முதல் 2008 வரை ஏழு கோப்பை. பிறகு ஸ்காட் ராபர்ட்சன் பயிற்சியாளராக வந்த 2017 முதல் 2023 வரை, ஏழு வருடத்தில் ஏழு கோப்பை. கொரோனா காலத்தில் நியூசிலாந்து அணிகளுக்குள் மட்டும் நடந்த 2020, 2021 போட்டிகளையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒவ்வொரு கோப்பைக்குப் பிறகும் ராபர்ட்சன் மைதானத்தில் பிரேக் டான்ஸ் ஆடுவார். என் மகன் வளர்ந்த காலம் முழுக்க வருடத்துக்கு ஒருமுறை அந்த ஆட்டம் இருந்தது. தீபாவளி, பொங்கல் போல அதுவும் வரும் என்றே அவன் நினைத்திருந்தான்.

அதனால்தான் 4 வெற்றி, 10 தோல்வி என்ற கணக்கு இங்கே இழவு வீட்டுச் செய்தி போல இறங்கியது. 2015-க்குப் பிறகு ப்ளேஆஃபுக்குப் போகாத முதல் வருடம் அது.

2024-ல சரியா என்னதான் நடந்துச்சு? ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க.

முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. ஹாமில்டனில் சீஃப்ஸிடம் 33-29. மெல்போர்னில், சிட்னி அணியான வராட்டாஸிடம் 37-24. பிஜியின் லௌடோகா வெயிலில் அந்த நாட்டு அணியான டுருவாவிடம் 20-10. சொந்த ஊரில் ஹரிகேன்ஸிடம் 14-10. ஆக்லாந்தில் ப்ளூஸிடம் 26-6. முதல் ஆட்டத்தில் 29 புள்ளி எடுத்த அணி, அடுத்தடுத்து 24, 10, 10, 6 என்று இறங்கியது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கே அந்த இறக்கம் தெரிந்தது.

பெரிய வெள்ளியன்று, மார்ச் 29-ல், சீஃப்ஸை 37-26 என்று வென்றார்கள். திரும்பிவிட்டார்கள் என்று எல்லோரும் மூச்சுவிட்டோம். அடுத்து சிட்னியில் வராட்டாஸிடம் 43-40. அதன் பிறகு பெர்த்தில் வெஸ்டர்ன் ஃபோர்ஸிடம் 37-15. மீதி மூன்று வெற்றிகள் மெல்போர்ன் அணியான ரெபெல்ஸ், ப்ளூஸ், பசிஃபிக் தீவுகளின் அணியான மோவானா பசிஃபிகா ஆகியோருக்கு எதிராக வந்தன. போதவில்லை.

43-40? அது எக்ஸ்ட்ரா டைமா?

ஆமாம். சமநிலையில் முடிந்தால் கூடுதல் நேரம் ஆடுவார்கள், அதில் யார் முதலில் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. வராட்டாஸின் வில் ஹாரிசன் ஒரு ட்ராப் கோல் உதைத்தார், கதை முடிந்தது. அந்தப் பந்து கம்பத்துக்கு நடுவே போன காட்சியை இன்றும் என்னால் நிதானமாகப் பார்க்க முடியவில்லை.

வராட்டாஸ் நல்ல டீமா அப்போ?

2024-ல் பட்டியலில் கடைசி. சீசன் முழுக்க அவர்கள் வென்றது இரண்டே ஆட்டம், இரண்டும் க்ரூஸேடர்ஸுக்கு எதிராக.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். அந்த வருட இறுதி ஆட்டத்தில் மோதியவை ப்ளூஸும் சீஃப்ஸும். ப்ளூஸ் 41-10 என்று வென்று கோப்பையை எடுத்தது. அந்த இரண்டு அணிகளையும் அதே சீசனில் கிறைஸ்ட்சர்ச்சில் க்ரூஸேடர்ஸ் தோற்கடித்திருக்கிறது: சீஃப்ஸை 37-26, ப்ளூஸை 29-27. எட்டாவது இடம் பிடித்து ப்ளேஆஃபுக்குப் போன ரெபெல்ஸை 39-0 என்று ஒரு புள்ளிகூட விடாமல் அடித்திருக்கிறது. இறுதிக்குப் போன இருவரையும் வென்ற அணி, கடைசி இடத்து அணியிடம் இரண்டு முறை தோற்றிருக்கிறது. "இவங்களுக்கு ஆடத் தெரியல" என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்து வைப்பேன். ஆடத் தெரிந்திருந்தது. அடுத்த வாரமும் அதே மாதிரி ஆடத்தான் முடியவில்லை. அந்த நோய்க்குக் காரணம் வேறு, மருந்தும் வேறு.

ராபர்ட்சன் ஏன் போனாரு? இருந்திருந்தா இந்த நெலைமை வந்திருக்காதுல்ல?

ஆல் பிளாக்ஸ் பயிற்சியாளர் பதவி கிடைத்தது, போனார். நியூசிலாந்து ரக்பியில் அதைவிடப் பெரிய நாற்காலி இல்லை. உதவிப் பயிற்சியாளர் ஸ்காட் ஹான்சனும் அவரோடு போனார். முன்கள வீரர்களைத் தயார் செய்த ஜேசன் ரயன் 2022-லேயே ஆல் பிளாக்ஸுக்குப் போயிருந்தார். ஆக, தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் போனார் என்பதைவிட, ஒரு பட்டறையே இடம் பெயர்ந்தது என்பதுதான் சரி.

அவர் இருந்திருந்தால் ஐந்து ஆட்டமும் தோற்றிருக்க மாட்டார்கள் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் எட்டாவது கோப்பை வந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். காரணம் அடுத்த பதிலில்.

யாரெல்லாம் டீமை விட்டுப் போனாங்க? எல்லாரும் மொவுங்கா, மொவுங்கானு புலம்புறாங்க.

2023 உலகக் கோப்பைக்குப் பிறகு ஒரே மூச்சில் போனவர்கள்: ரிச்சி மொவுங்கா ஜப்பானுக்கு. சாம் வைட்லாக், லெஸ்டர் ஃபைங்கானூகு, ஜாக் குட்ஹியூ மூவரும் பிரான்ஸுக்கு. வைட்லாக் ஆல் பிளாக்ஸுக்காக 153 டெஸ்ட் (ரக்பியில் இரு நாட்டு அணிகள் மோதும் ஆட்டம்) ஆடியவர். லைன் அவுட்டில், அதாவது பக்கக் கோட்டைத் தாண்டிப் போன பந்தை மறுபடி உள்ளே எறியும்போது, எதிரணி எங்கே பந்தை எறியப் போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்பார்கள். ஆட்டம் கையை விட்டுப் போகும்போது மற்ற பையன்கள் திரும்பிப் பார்க்கும் முகம் அவருடையது.

மொவுங்கா பத்தாம் எண். ரக்பியில் பத்தாம் எண் வீரர்தான் அடுத்து என்ன என்று முடிவு செய்கிறவர்: உதைப்பதா, ஓடுவதா, இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா. க்ரூஸேடர்ஸில் அந்தச் சட்டையை ஆண்ட்ரூ மெர்டென்ஸ், டான் கார்ட்டர், மொவுங்கா என்று பெரிய கைகள் மாறி மாறிப் போட்டிருக்கின்றன. ஏழு கோப்பைக்கும் அந்த இடத்தில் இருந்தவர் மொவுங்கா. அவருக்குப் பின் பொறுப்பேற்க வேண்டிய ஃபெர்கஸ் பர்க் காயத்தில் இருந்தார். எனவே சட்டை ரிவெஸ் ரெய்ஹானா, டாஹா கெமாரா என்ற இரண்டு இளைஞர்களிடம் மாறி மாறிப் போனது. முடிவெடுக்கும் இடத்தில் அனுபவம் இல்லை என்றால் நல்ல வாரமும் மோசமான வாரமும் மாறி மாறித்தான் வரும். வராட்டாஸ் பற்றிய பதிலில் சொன்ன அந்த நோயின் வேர் இங்கேதான் என்பது என் கருத்து.

காசு குடுத்து நல்ல பிளேயரை வாங்க வேண்டியதுதானே? ஐ.பி.எல். டீம் மாதிரி.

முடியாது. அதற்காகத்தான் இது பணக்காரர் அணி அல்ல என்பதை முதலிலேயே நினைவில் வைக்கச் சொன்னேன். இங்கே ஏலம் கிடையாது. முன்னணி வீரர்களின் ஒப்பந்தம் நியூசிலாந்து ரக்பி என்ற தேசிய அமைப்போடு. அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பும் உண்டு. ஜப்பானும் பிரான்ஸும் கொடுக்கும் பணத்தை இங்கே யாராலும் கொடுக்க முடியாது. "இங்கே ஆடினால்தான் ஆல் பிளாக்ஸ் சட்டை" என்ற விதி ஒன்றுதான் வீரர்களைப் பிடித்து வைக்கிறது. உலகக் கோப்பை முடிந்த வருடத்தில் அந்தப் பிடியும் தளரும், அப்போது போகிறவர்கள் போவார்கள்.

வெளியிலிருந்து எடுத்தார்கள் என்றால் லீ ஹாஃப்பென்னியைச் சொல்ல வேண்டும். வேல்ஸ் நாட்டுக்காக நூறு டெஸ்டைக் கடந்த மனிதர். சீசன் தொடங்கும் முன்பே மார்புத் தசை கிழிந்து பெரும்பாலான ஆட்டங்களை இழந்தார்.

காயம் காயம்னு சொல்றது சாக்குதானே? எல்லா டீமுக்கும் காயம் உண்டு.

உண்டு. ஆனால் யாருக்கு என்று பாருங்கள். வில் ஜோர்டன் தோள் அறுவை சிகிச்சையால் அந்த சூப்பர் ரக்பி சீசன் முழுக்க ஆடவில்லை. 2023 உலகக் கோப்பையில் எட்டு ட்ரை போட்டவர் அவர். பின்கள வீரர் பிரெய்டன் எனோர் முழங்கால் காயத்தில். கேப்டன் ஸ்காட் பேரட் பல ஆட்டங்களை இழந்தார். முன்வரிசையின் நடுவில் ஆடும் ஹூக்கர் கோடி டெய்லர் தொடக்கத்தில் ஓய்வு விடுப்பில் இருந்தார், அது ஒப்பந்தப்படி அவருக்குரியது. போனவர்கள் பட்டியலோடு இதைச் சேர்த்தால், முந்தைய வருடத்து இறுதி ஆட்டத்தில் ஆட்டத்தின் முதுகெலும்பாக இருந்தவர்களில் பாதிப் பேர் இல்லை.

சாக்கு என்று ஒதுக்கவும் மாட்டேன், முழுக் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். காயம்பட்ட அணி சீஃப்ஸிடம் 4 புள்ளியில் தோற்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஃபோர்ஸிடம் 37-15 என்று தோற்றதை ஏற்றுக்கொள்ள முடியாது.

புது கோச் வந்தா கொஞ்ச நாள் ஆகும்னு சொல்றது சரிதானா?

பென்னியை ஆதரிப்பவன்தான் நான், ஆனாலும் இந்த வாதத்தை நான் எடுப்பதில்லை. 2024-ல் ப்ளூஸுக்கும் புதுப் பயிற்சியாளர், வெர்ன் காட்டர். கோப்பை வென்றார். ஹரிகேன்ஸுக்கும் புதியவர், கிளார்க் லெய்ட்லா. லீக் பட்டியலில் முதலிடம். குயின்ஸ்லாந்து ரெட்ஸுக்கும் புதியவர், லெஸ் கிஸ். ஐந்தாவது இடம். புதியவர் என்பதால் மட்டும் ஒருவர் தோற்பதில்லை. அவர்கள் கையில் வந்தது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டி. பென்னி கையில் வந்த வண்டியில் சக்கரம் குறைந்திருந்தது.

இந்த பென்னி யாரு? அவரை எதுக்கு எடுத்தாங்க?

இந்த மண்ணின் மனிதர். கேன்டர்பரிக்காக ஆடியவர். பிறகு அதே அணியின் பயிற்சியாளராக 2008 முதல் 2011 வரை தொடர்ந்து நான்கு முறை நியூசிலாந்து மாகாணப் பட்டத்தை வென்றார். அயர்லாந்தின் மன்ஸ்டர் அணியை இரண்டு வருடம் நடத்தி, இரண்டு முறையும் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதிக்குக் கொண்டுபோனார். ஜப்பானிலும் பயிற்சியாளராக இருந்தார். இளம் வீரர்களை வளர்ப்பதில் பெயர் எடுத்தவர். மூத்தவர்கள் கூட்டமாகக் கிளம்பப் போகிறார்கள் என்று தெரிந்த நேரத்தில் அப்படி ஒருவரை எடுத்ததில் தர்க்கம் இருந்தது.

ஆனா சிட்னில அவரை ஐஞ்சு மேட்ச்ல தூக்கிட்டாங்களே? அதை ஏன் யாரும் சொல்றதில்ல?

இங்கே எல்லோரும் சொன்னார்கள், உரக்கவே சொன்னார்கள். 2021-ல் வராட்டாஸ் முதல் ஐந்து ஆட்டமும் தோற்றதும் அவரை நீக்கினார்கள். 2024-ல் க்ரூஸேடர்ஸும் முதல் ஐந்து ஆட்டம் தோற்றதும் பழைய செய்தியை எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். எனக்கும் இரண்டு பேரிடமிருந்து வந்தது.

அந்தச் செய்தியின் மீதியைத்தான் யாரும் அனுப்பவில்லை. பென்னியை நீக்கிய பிறகு அந்த வருடம் வராட்டாஸ் எத்தனை ஆட்டம் வென்றது? ஒன்றுகூட இல்லை. 13 ஆட்டம், 13 தோல்வி. அனுபவசாலிகள் பலரை இழந்து, இளம் பையன்களை வைத்து ஓட்டிய அணி அது. ஆளை மாற்றியதால் அந்தப் பள்ளம் நிரம்பவில்லை. ஐந்து தோல்வியை வைத்து அவரை அளந்தவர்கள் மீதி எட்டுத் தோல்வியை யார் கணக்கில் எழுதுவார்கள்?

ஏன் அண்ணை, உவரை அனுப்பாமல் ஏன் வைச்சிருந்தவை? நிர்வாகத்துக்குத் துணிவு இல்லையோ?

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் கேள்வி. கண்டியிலும் கொழும்பிலும் பள்ளி ரக்பி பார்த்து வளர்ந்தவர்களோடு பழகியவர், பயிற்சியாளர் விஷயத்தில் இரக்கமே காட்ட மாட்டார்.

சீசன் முடிந்ததும் நிர்வாகம் மீளாய்வு நடத்தி, பென்னியைத் தொடர வைத்தது. ஊர் முழுக்கக் கத்தும்போது ஆளை அனுப்புவது எளிது, வைத்திருப்பதற்குத்தான் துணிவு வேண்டும். அதோடு இந்த அணிக்கு நினைவு நீளம். 2000-ல் ராபி டீன்ஸ் பயிற்சியில் கோப்பை வென்றார்கள். அடுத்த வருடம் பத்தாவது இடத்துக்கு விழுந்தார்கள். டீன்ஸை வைத்திருந்தார்கள். 2002-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 13 ஆட்டமும் வென்று கோப்பை எடுத்தார்கள். அந்த வருடம் வராட்டாஸை 96-19 என்று அடித்ததை இந்த ஊர்ப் பெரியவர்கள் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள்.

டாட் பிளாக்ஆடரை எட்டு வருஷம் வெச்சிருந்தும் கப் வரலையே? பொறுமைக்கும் ஒரு அளவு இருக்குல்ல?

நியாயமான எதிர்வாதம். 2009 முதல் 2016 வரை அவர்தான் பயிற்சியாளர், சூப்பர் ரக்பி கோப்பை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எட்டு வருடத்தில் 2011 இருக்கிறது. பிப்ரவரியில் நிலநடுக்கம் வந்து இந்த ஊரில் 185 பேர் இறந்தார்கள். லங்காஸ்டர் பார்க் மைதானம் பயன்படுத்த முடியாமல் போனது. அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூடக் கிறைஸ்ட்சர்ச்சில் இல்லை. 'சொந்த ஆட்டம்' ஒன்றை லண்டனில் போய் ஆடினார்கள். அப்படியும் இறுதிக்குப் போய் ரெட்ஸிடம் 18-13 என்று தோற்றார்கள். 2014 இறுதியில் ஒரே ஒரு புள்ளியில், 33-32 என்று தோற்றார்கள். அதைத் தோல்விக் காலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிளாக்ஆடர் பிறகு ஜப்பானில் தோஷிபா பிரேவ் லூபஸ் அணிக்குப் போனார். மொவுங்கா போய்ச் சேர்ந்ததும் அதே அணிதான். இருவரும் சேர்ந்து 2024-லும் 2025-லும் ஜப்பான் லீக் பட்டத்தை வென்றார்கள். நல்ல பத்தாம் எண் கையில் இருந்தால் ஒரு பயிற்சியாளரின் பெயர் எப்படி மாறுகிறது பாருங்கள்.

இது நம்ம சி.எஸ்.கே. 2020 கதை மாதிரியே இருக்கே?

இருக்கிறது, அதில் ஒரு உறவும் இருக்கிறது. ஸ்டீஃபன் ஃபிளெமிங் பிறந்த ஊர் இந்த கிறைஸ்ட்சர்ச்தான். 2020-ல் சென்னை முதல்முறையாக ப்ளேஆஃபுக்குப் போகாமல் ஏழாவதாக வந்தது. ஃபிளெமிங்கையும் தோனியையும் மாற்றவில்லை. 2021-ல் கோப்பை.

ஆனால் அந்தக் கதையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. 2025-ல் அதே ஃபிளெமிங் இருக்கும்போதே சென்னை கடைசி இடம். 14 ஆட்டத்தில் 4 வெற்றி, 10 தோல்வி. க்ரூஸேடர்ஸின் 2024 கணக்கும் எண்ணுக்கு எண் அதுவே. பயிற்சியாளரை வைத்திருந்தால் தானாகக் கோப்பை வரும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்போ பென்னி மேல தப்பே இல்லைங்கிறீங்களா?

இருக்கிறது. பத்தாம் எண் இடத்தில் ஒருவரை நம்பி ஐந்தாறு வாரம் தொடர்ந்து இறக்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டு பையன்களுமே தோள் மேல் யாரோ கை வைக்கப் போகிறார்கள் என்ற பயத்தோடு ஆடியதாக எனக்குப் பட்டது.

இன்னொன்று சீசனுக்கு முந்தைய பயணம். பிப்ரவரியில் அயர்லாந்து போய் மன்ஸ்டருடனும், இங்கிலாந்து போய் பிரிஸ்டலுடனும் ஆடிவிட்டு வந்தார்கள். பூமியின் மறுபக்கம் போய்த் திரும்பி, அதே மாதக் கடைசியில் முதல் லீக் ஆட்டம். புது அணி ஒன்றாகச் சேர அது உதவும் என்று சொல்லப்பட்டது. எனக்கு அப்போதே ஒப்பவில்லை. ஹாஃப்பென்னிக்குக் காயம் பட்டதும் அந்தப் பயணத்தில்தான். பயணத்தை ஏற்பாடு செய்தது பென்னி மட்டும் அல்ல, ஆனால் அவரும் ஒப்புக்கொண்டவர்தான்.

மூன்றாவது, வெளி ஊர் ஆட்டங்கள். நான்கு வெற்றியில் சீஃப்ஸ், ரெபெல்ஸ், ப்ளூஸ் ஆட்டங்கள் சொந்த ஊரில் வந்தவை. மெல்போர்ன், லௌடோகா, ஆக்லாந்து, சிட்னி, பெர்த் எல்லாம் தோல்வி. வெளியே போனதும் முகம் மாறுகிற அணியைத் தேற்றுவது பயிற்சியாளரின் வேலை. அது அந்த வருடம் நடக்கவில்லை.

2025-ல என்ன மாத்தினாங்க? எப்படி ஒரே வருஷத்துல கப்?

மந்திரம் ஒன்றும் இல்லை. ஜோர்டன் திரும்பினார். பேரட், டெய்லர் திரும்பினார்கள். ரெய்ஹானாவுக்கும் கெமாராவுக்கும் ஒரு வருட அடி உரமாகியிருந்தது. அவர்களுக்குத் துணையாக ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஓ'கானர் வந்தார். முப்பதைத் தாண்டிய, எல்லாம் பார்த்த பத்தாம் எண். பெரும்பாலும் மாற்று வீரராகக் கடைசிக் கட்டத்தில் இறங்கி ஆட்டத்தைப் பத்திரமாகக் கரை சேர்ப்பார். முந்தைய வருடம் இல்லாமல் போனது அதுதான்.

வழி சீராக இருந்தது என்று நினைக்காதீர்கள். மார்ச்சில் சொந்த மண்ணிலேயே மோவானா பசிஃபிகாவிடம் 45-29 என்று தோற்றபோது "பார்த்தியா, மறுபடியும்" என்று கேட்டவர்கள் நிறைய. அன்று நானும் ஆட்டம் முடியும்முன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். லீக் முடிவில் 11 வெற்றி, 3 தோல்வி, இரண்டாம் இடம். காலிறுதியில் ரெட்ஸ், அரையிறுதியில் ப்ளூஸ். ஜூன் 21 இறுதியில் சீஃப்ஸை 16-12 என்று வென்றார்கள். டேவிட் ஹவீலி கேப்டன்.

சீஃப்ஸ்தானே முதலிடம்? ஃபைனல் எப்படி கிறைஸ்ட்சர்ச்சுக்கு வந்துச்சு? அதிர்ஷ்டம்தானே?

2025-ல் அணிகள் 11, ப்ளேஆஃபுக்கு 6. காலிறுதியில் தோற்ற மூன்று அணிகளில் லீக் பட்டியலில் மேலே இருந்த அணிக்கு மறுவாய்ப்பு உண்டு. சீஃப்ஸ் ப்ளூஸிடம் 20-19 என்று தோற்றும் அந்த விதியால் அரையிறுதிக்குப் போனது, ஆனால் முதல் இட உரிமையை இழந்தது. அந்த உரிமை க்ரூஸேடர்ஸுக்கு வந்தது, அதனால் இறுதி இங்கே நடந்தது.

அதிர்ஷ்டம் உண்டு, மறுக்க மாட்டேன். லீக் சுற்றில் சீஃப்ஸிடம் இரண்டு முறை தோற்றிருந்தார்கள். 2025 இறுதி வரைக்கும் கிறைஸ்ட்சர்ச்சில் ப்ளேஆஃப் ஆட்டம் எதிலும் க்ரூஸேடர்ஸ் தோற்றதில்லை என்பதால், இடம் மாறியது பெரிய விஷயம்தான். ஆனால் இரண்டாம் இடத்தில் இருந்ததால்தான் அந்த அதிர்ஷ்டம் இவர்கள் வாசலுக்கு வந்தது.

அப்போ எந்த கோச்சையும் தோத்ததுக்காக அனுப்பவே கூடாதா?

அனுப்பலாம். நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். முதலாவது, வீரர்கள் அவருக்காக இன்னும் ஓடுகிறார்களா? 2024-ல் ஓடினார்கள். எல்லாம் கைவிட்டுப் போன பிறகு மே மாதத்தில் ப்ளூஸை வென்ற அணி, பயிற்சியாளரைக் கைவிட்ட அணி அல்ல. இரண்டாவது, அடுத்த வருடம் திரும்பி வரப் போகிறவர்கள் யார்? ஜோர்டனும் பேரட்டும் வரப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தது. இந்த இரண்டுக்கும் 'இல்லை' என்பதே பதில் என்றால், ஊர்க்காரராக இருந்தாலும் கைகுலுக்கி அனுப்பத்தான் வேண்டும்.

நான் அந்த சீசனைப் பார்க்கவே இல்ல. ஒண்ணு ரெண்டு மேட்ச் மட்டும் பார்க்கணும்னா எது?

மார்ச் 29 சீஃப்ஸ் ஆட்டத்தை முதலில் பாருங்கள். ஐந்து தோல்விக்குப் பிறகு வந்த வெற்றி, கடைசி விசில் அடித்ததும் வீரர்களின் முகத்தைக் கவனியுங்கள். அடுத்து ஏப்ரல் 12 சிட்னி ஆட்டம், அதே அணி இரண்டே வாரத்தில் என்ன ஆனது என்று தெரியும். நேரம் இருந்தால் 2025 இறுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் பந்து யார் கையில் போகிறது, அவர் அவசரப்படுகிறாரா என்பதை மட்டும் பாருங்கள். சிட்னி ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தோடு அதை ஒட்டி வைத்துப் பார்த்தால் மீதியை உங்கள் கண்ணே சொல்லிவிடும்.